செங்கொடியின் நல்லெண்ணெய் சோப்பு

செங்கொடிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அப்பா லட்சுமணன். திருவொற்றியூரில் அவர் வேலை பார்த்த கம்பெனியில் ஸ்ட்ரைக் நடந்துகொண்டிருந்த நேரத்தில் பிறந்தவள் அவள். மனுஷன் கேட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து பெயரைச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டுக்கே போய்விட்டாராம். பெயரைக் கேட்கிறவர்கள் எதற்கும் அஞ்சாத பொம்பளை என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அப்படி ஒரு பயந்தாங்கொள்ளியைக் காசிமேடு முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. கேஸை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடியவள். லிஃப்ட் இருக்கிற ஆஸ்பத்திரியில் ஐந்து மாடியும் படியேறியவள். புருஷன் செல்வம் விசைப்படகில் கடலுக்குப் போகும் நாட்களில், காற்று கொஞ்சம் மாறினாலும் இவளுக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்டவள் காஸ்டிக் சோடாவைக் கையில் எடுத்ததுதான் அதிசயம்.

அவளுக்குத் தொழில் மீன் வெட்டுவது. காசிமேட்டு மார்க்கெட்டில் மீனை வாங்குகிறவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள்; செதில் சீவி, குடல் எடுத்து, துண்டு போட்டுத் தருவாள். இருபத்தாறு வருஷமாக அதே இடம், அதே அருவாமனை. ஐஸில் ஊறி ஊறி இரண்டு உள்ளங்கையும் காய்த்துப்போய், சூடு எது, குளிர் எது என்று அந்தக் கைக்குச் சட்டென்று தெரியாது. முதல் நாள் வேலைக்கு உட்கார்ந்தபோது நாற்றம் குடலைப் பிடுங்கியது. பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி நீட்டினாள். அன்றைக்கு வாயில் போட்டது, இன்றுவரை துப்புகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் வாயில்தான் கிடக்கிறது. வெற்றிலை போடாமல் அங்கே யார் உட்கார முடியும்?

சோப்பு செய்யக் கற்றுக்கொண்டது மகளிர் குழுவில் நடந்த மூன்று நாள் பயிற்சியில். மதி டீச்சர் என்று ஒருவர் வந்து சொல்லிக்கொடுத்தார். ஒரு கிலோ தேங்காயெண்ணெய், நூற்றெழுபது கிராம் காஸ்டிக், அதைக் கரைக்கத் தண்ணீர். கலக்கி அச்சில் ஊற்றி ஒரு மாதம் காயவைக்க வேண்டும். கடைசியில் சோப்பை நாக்கு நுனியில் தொட்டுப் பார்க்க வேண்டும். சுருக்கென்று கடித்தால் காஸ்டிக் மிச்சம் இருக்கிறது, தொடக்கூடாது. கடிக்காவிட்டால் பயப்படாமல் போட்டுக் குளிக்கலாம். பயந்த மனுஷியாயிற்றே, செங்கொடி எல்லாவற்றையும் சொன்னது சொன்னபடி செய்தாள். கையுறை போட்டாள், கண்ணாடி போட்டாள், மீன் நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசில் ஒரு கிராம் பிசகாமல் நிறுத்தாள். இரண்டு வருஷத்தில் அவள் சோப்பால் யாருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை.

தேங்காயெண்ணெய் விலை எகிறிப்போன வருஷம்தான் எல்லாம் மாறியது. வாங்கப்போனவள் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். திருவொற்றியூரில் பகலவன் என்பவர் மரச்செக்கு வைத்திருந்தார். அங்கே கண் முன்னாலேயே எள்ளைப் போட்டு ஆட்டி, சூடு ஆறாத நல்லெண்ணெயைக் கேனில் பிடித்துக் கொடுத்தார்கள். அந்த வாசனையிலேயே செங்கொடிக்கு மனசு நிறைந்துவிட்டது. சனிக்கிழமை சனிக்கிழமை தலையில் வைத்துத் தேய்த்துக் குளிக்கிற எண்ணெய். பச்சைப்பிள்ளை உடம்பில் தடவுகிற எண்ணெய். பெயரிலேயே நல்லது என்று போட்டிருக்கிற எண்ணெய். இதைவிட உடம்புக்கு ஒத்தது எது இருக்கப்போகிறது? தேங்காயெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய், மற்றதெல்லாம் அதே அளவு என்று முடிவு கட்டினாள். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள், பயப்பட வேண்டிய இந்த ஒரு இடத்தில் மட்டும் துளியும் பயப்படவில்லை.

பன்னிரண்டு கட்டி வந்தது. ஒரு மாதம் காய்ந்ததும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கடிக்கவில்லை. ஒரு கட்டியைத் தனக்கு எடுத்துக்கொண்டு ஒரு வாரம் கை கழுவினாள். மீன் நாற்றம் சுத்தமாகப் போனது. அதற்குப் பிறகுதான் இரண்டு கட்டியை வெள்ளைத் துணியில் சுற்றி, பக்கத்து வீட்டுக் காத்தூன் பீவியிடம் கொடுத்தாள்.

ராயபுரத்தில் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். இருபத்தெட்டு வருஷமாகக் குழம்பும் சண்டையும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போய் வந்துகொண்டிருந்தன. செங்கொடிக்குப் பிள்ளை இல்லை. பீவியின் மகன் பிலாலைத் தூக்கி வளர்த்ததில் பாதி இவள் கைதான். அந்தப் பிலாலுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து இப்போது ஒரு பெண் குழந்தை. அவன் துபாயில் வேலையில் இருக்கிறான். மனைவி அனம், எர்ணாவூரில் தன் அம்மா வீட்டில் பிரசவத்துக்குப் போனவள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையோடு நாற்பது நாள் ஆகிறது. அன்றைக்குத் தாய்க்கும் குழந்தைக்கும் தலைக்கு ஊற்றுவார்கள்.

"கடை சோப்பு வாணாக்கா. கொயந்த தோலு பூ மாரி கீது. இத்தப் போட்டு ஊத்து" என்று செங்கொடி சொல்லிக் கொடுத்தாள்.

"நீயும் வாயேண்டி எர்ணாவூருக்கு."

"ஞாயித்துக்கெயம அருவாமனைய வுட்டு எய்ந்திரிக்க முடியுமா? சாய்ங்காலம் வரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தது. செங்கொடி பையிலிருந்து தன் சோப்பை எடுத்துக் கை கழுவினாள். பக்கத்தில் வினிதா உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசு, இரண்டு பிள்ளைக்காரி, வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வெற்றிலையைக் கண்டாலே குமட்டுகிறது என்று துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு வெட்டுகிறவள்.

"இன்னாக்கா சோப்பு, வாசன சோக்கா கீது?"

"நானே செஞ்சது. சுத்தமான செக்கு நல்லெண்ண. கடிக்காது. வோணும்னா நாக்குல வச்சிப் பாரேன்" என்றாள் செங்கொடி, பெருமை பிடிபடாமல்.

வினிதா கை கழுவிக்கொண்டு வந்து சிரித்தபடியே நாக்கை நீட்டித் தொட்டாள். தொட்ட மறுநொடி "அய்யய்யோ" என்று அலறி, துப்பி, தண்ணீர் ட்ரம்முக்கு ஓடினாள். வாய் கொப்பளித்தபடியே கத்தினாள். "கரண்டு அடிச்சா மாரி கீதுக்கா! இத்தப் போயி கடிக்காதுன்றியே!"

செங்கொடி சோப்பை வாங்கித் தன் நாக்கில் வைத்தாள். ஒன்றும் இல்லை. அழுத்தித் தேய்த்தாள். அப்போதும் ஒன்றும் இல்லை. எதிரில் இருந்த இன்னொருத்தி, இவளைப் போலவே வெற்றிலை குதப்புகிறவள், "எங்க குடு" என்று வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு, "அவ ரவுசு பண்றா, ஒண்ணும் இல்ல" என்றாள்.

வினிதா நாக்கை நீட்டிக் காட்டினாள். நுனி சிவந்து கிடந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது நடிப்பு இல்லை. செங்கொடி எதிரில் இருந்தவளின் வாயைப் பார்த்தாள், தன் விரல் நுனியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷமாகச் சுண்ணாம்பு தின்று வெந்துபோன நாக்கு. அதை நம்பித்தானே குழந்தைக்கு சோப்பு கொடுத்தாள்!

கையைப் பார்த்தாள். இந்தக் கைக்கு நெருப்பே உறைக்காது, சோப்பா உறைக்கப்போகிறது?

பட்டன் போனை எடுத்து பீவிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அனம் நம்பர் இவளிடம் இல்லை. பிலாலுக்கு வாட்ஸ்அப்பில்தான் பேச முடியும், இந்தப் போனில் அது கிடையாது. பதினோரு மணிக்குத் தலைக்கு ஊற்றுவதாகச் சொல்லியிருந்தாள் பீவி. மணி பத்து பதினைந்து.

"வினிதா, என் அருவாமனையப் பாத்துக்கோ" என்றவள், இடுப்பில் கட்டியிருந்த சாக்கைக்கூட அவிழ்க்காமல் ரோட்டுக்கு ஓடினாள்.

மணி என்கிறவனுடைய ஷேர் ஆட்டோ எண்ணூர் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறினாள். ஏற்கனவே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஓரம் ஒதுங்கினார்கள்.

"நைனா, எர்ணாவூரு. கொஞ்சம் வேகமா போ நைனா."

"போலாம்மா, மீனு ஓடியா போவப்போது?" என்றான் மணி. அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தவன் அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை.

ஆட்டோ நகர்ந்ததும் மதி டீச்சருக்கு அடித்தாள். நல்லவேளை, அவர் எடுத்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள்.

"தேங்காயெண்ணெய்க்கு நான் சொன்ன அதே நூத்தெழுபது கிராமா போட்டீங்க?"

"ஆமா டீச்சர். எண்ணதான மாத்துனேன்."

"ஐயோ செங்கொடி, ஒவ்வொரு எண்ணெய்க்கும் காஸ்டிக் கணக்கு வேற வேறன்னு சொன்னேனே! நல்லெண்ணெய் அவ்வளவு காஸ்டிக்கை ஏத்துக்காது. நூத்தி முப்பதே ஜாஸ்தி. மீதி நாப்பது கிராமும் அந்த சோப்புக்குள்ள அப்படியே கிடக்குது. யாராவது போட்டுக் குளிச்சிட்டாங்களா?"

"நாப்பது நாள் கொயந்த டீச்சர்…"

"முதல்ல அதைத் தடுங்க. பட்டிருந்தா நிறையத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். கண்ணுல பட்டிருந்தா நிக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

கண் என்ற வார்த்தையைக் கேட்டதும் செங்கொடி மறுபடி பீவி நம்பரை அழுத்தினாள். போன மாதம் அந்தக் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தபோது அது கண்ணைத் திறந்து இவளைத்தான் பார்த்தது. பிலாலின் கண். "உன்னத்தாண்டி பாக்குது" என்று பீவி சொன்னாள். அந்தக் கண்ணுக்குள் சோப்பு நுரை இறங்குவதைத் தவிர அவளால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. கண்ணை மூடினாலும் அதுதான், திறந்தாலும் அதுதான். கடலோர ரோடு, கல் சுவர், லாரி எல்லாம் ஏதோ போய்க்கொண்டிருந்தன. பீவிக்கு அடித்த போன் ஏழாவது தடவையும் மணி அடித்தே அடங்கியது.

திருவொற்றியூரைத் தாண்டியதும் ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் கன்டெய்னர் லாரிகள், கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. ஒரு டிரைவர் இறங்கி நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டான். அப்படியானால் இப்போதைக்கு நகராது.

"இது பேஜாரு புட்ச்ச டிராஃபிக்குமா. அரை மணி ஆவும்" என்றான் மணி.

இறங்கினாள். நாற்பத்தெட்டு வயசு, முழங்கால் வலி. லாரிகளுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். போகப் போக இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. ஒன்றும் ஆகாமல் இருந்து, இவள் போய்க் கத்தி, விசேஷ வீட்டில் எல்லோர் முன்னாலும் அசிங்கப்பட்டால்? ஏதாவது ஆகியிருந்தால் அது இன்னும் மோசம். பிலாலிடம் என்ன சொல்வது? உன் பிள்ளைக்கு நான்தான் என்றா? ஒரு இடத்தில் நின்றேவிட்டாள். பேசாமல் திரும்பிப் போய்விடலாமா, சாயங்காலம் தெரிகிறபோது தெரியட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததற்காகத் தன்னையே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு மறுபடி ஓடினாள்.

எர்ணாவூரில் அந்தத் தெருவுக்குள் திரும்பியபோது மணி பதினொன்றேகால். வாசல் முழுக்கச் செருப்பு. பிரியாணி மணம். செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழைந்தவளின் காதில் விழுந்தது குழந்தையின் அலறல். சாதாரண அழுகை இல்லை. மூச்சு நின்று நின்று வருகிற வீறல்.

ஹாலில் உட்கார்ந்திருந்த பெண்களை மிதிக்காத குறையாகத் தாண்டிக் குளியலறை வாசலுக்குப் போனாள். அனமின் அம்மா முக்காலியில் உட்கார்ந்து, நீட்டிய கால்களின் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டிருந்தார். குழந்தையின் முதுகெல்லாம் ஏதோ வழவழவென்று வழிந்துகொண்டிருந்தது.

"சோப்பு போடாதீங்க! போடாதீங்க! தண்ணி ஊத்துங்க!"

அந்த அம்மா கையில் இருந்த சொம்பைப் பிடுங்கி, வாளியில் மொண்டு குழந்தை முதுகில் ஊற்றினாள். இன்னொரு சொம்பு. இன்னொன்று. குழந்தை இன்னும் வீறிட்டது. அனம் எழுந்து ஓடிவந்து "இன்னா ஆன்ட்டி, இன்னா ஆச்சு?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். தரையில் வழிந்து போன தண்ணீர் மஞ்சளாக, மாவாக இருந்தது. அதில் நுரை ஒரு பொட்டுகூட இல்லை. செங்கொடி குனிந்து அதைத் தொட்டு மோந்து பார்த்தாள். பயத்த மாவு.

"சோப்பு எங்க?" என்றாள்.

"எந்த சோப்பு?" என்றார் அனமின் அம்மா, நடுங்கிப்போய். "சம்பந்தியம்மா எதோ சோப்பு ராயபுரத்துலயே மறந்து வச்சிட்டு வந்துட்டேன்னாங்க. அதான் மாவு போட்டோம். பசிக்கு அழுவுது புள்ள. நீ ஏம்மா இப்டி வந்து பயமுறுத்துற?"

குழந்தையின் முதுகு, கை, கால், முகம் எல்லாவற்றையும் செங்கொடி பார்த்தாள். எங்கும் ஒரு சிவப்புகூட இல்லை. கண் இரண்டும் நன்றாக இருந்தன. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னாலும், காஸ்டிக் கணக்குத் தப்பியதை, நாக்கு மரத்துப்போனதை, ஒன்று விடாமல் அழுதுகொண்டே சொன்னாள். யாரோ "யா அல்லா" என்றார்கள். அனம் குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். அந்த இரண்டடி செங்கொடிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவள் போனதுதான் சரி.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு காத்தூன் பீவி வந்தாள். செங்கொடியின் முழங்கையைப் பிடித்துத் தூக்கி, பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏண்டி, அறிவு கீதா ஒனக்கு? அத்தினி பேர் முன்னால சொல்லணுமா? நாந்தான் மறந்துட்டேன்னு சொல்லி மறச்சிகினு கீறேன்ல?"

"இன்னாத்துக்கு மறச்ச?"

பீவி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை இறங்கிய முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். செங்கொடிக்கு அப்போதுதான் அது கண்ணில் பட்டது. கையைப் பிடித்து, பட்டனைக் கழற்றி, மேலே சுருட்டினாள். முழங்கை வரைக்கும் தோல் சிவந்து, இடையிடையே பளபளவென்று உரிந்து கிடந்தது. அடுத்த கையும் அப்படித்தான். ரவிக்கைக் கழுத்துக்குள்ளேயும் சிவப்பு இறங்கியிருந்தது.

"காலைல குளிச்சனா, ஒன் சோப்பத்தான் பிரிச்சிப் போட்டேன்" என்றாள் பீவி மெதுவாக. "கொஞ்சம் எரிஞ்சிது. எனக்குத்தான் சக்கர வியாதியாச்சே, தோலு மெலிசாப் போச்சி, அதான்னு நெனச்சேன். ஆனாலும் புள்ளைக்கிப் போட மனசு வரல. வூட்லயே வச்சிட்டு வந்துட்டேன்."

"ஏழு தபா போன் அடிச்சனே!"

"பையில கெடக்குது. யாரு பாத்தா?"

பின்கட்டில் குழாய் இருந்தது. செங்கொடி அதைத் திறந்துவிட்டு, பீவியின் இரண்டு கையையும் தண்ணீருக்கடியில் பிடித்தாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தபோது போன பயம் இப்போது திரும்பி வந்தது. வீட்டில் இன்னும் ஒன்பது கட்டி இருக்கிறது. நாளைக்கு யார் வந்து கேட்டாலும் கொடுத்திருப்பாள்.

"அக்கா, நான் ஓடியாராம இருந்திருந்தா, சாய்ங்காலம் எங்கிட்ட இன்னா சொல்லியிருப்ப?"

பீவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லுக்கா."

"இன்னாத்த சொல்றது? ஒரு மாசமா காயவச்சி, துணில சுத்தி எடுத்தாந்து குடுக்கிற. சோக்கா கீது, புள்ளைக்கி அவ்ளோ புட்ச்சிருந்திச்சின்னு சொல்லியிருப்பேன்."

லாரிகளுக்கு நடுவில் ஓடிவந்தபோதுகூட செங்கொடிக்கு இவ்வளவு பயமாக இல்லை. அந்த வார்த்தையை அவள் அப்படியே நம்பியிருப்பாள். பிலாலின் குழந்தைக்கே போட்டது என்று சொல்லிச் சொல்லி, பிள்ளை பெற்ற வீடு எதையும் விடாமல் கொண்டுபோய்க் கொடுத்திருப்பாள். தடுக்க ஒருத்தர் இருந்திருக்க மாட்டார்கள். இவள் நாக்கும் சொல்லாது, இவள் கையும் சொல்லாது. சொல்லக்கூடிய ஒரே மனுஷியும் இவள் மனசு நோகக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருந்திருப்பாள்.

"இனிமே எங்கிட்ட சோக்கா கீதுன்னு சொல்லாதக்கா" என்றாள். "எனக்குத் தெரியாதுக்கா. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும். ஒன் கால்ல வேணா வியறேன். எரிஞ்சா எரியுதுன்னு சொல்லிடு."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. உள்ளே குழந்தையின் அழுகை நின்று, யாரோ தாலாட்டுகிற சத்தம் கேட்டது. காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்த காத்தூன் பீவி, செங்கொடியின் தோளில் நெற்றியைச் சாய்த்தாள்.

"எரியுதுடி" என்றாள். "ரொம்ப எரியுது."